ஆரிலை பரிசோதனை

9 பெப்ரவரி 1999, செவ்வாய்

கந்தோர் வேலை முடிந்து நேரே வெள்ளவத்தை. ஒத்திகை மண்டபம் மாடியில், கீழே புடவைக் கடை. இருட்டுப்பட முதல் இறங்கிவிட வேண்டுமென்று கடைக்காரர் மறுபடியும் சொன்னார். பொலிஸ் செக்கிங் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். நியாயம்தான்.

நோட்டீஸ் எழுதினோம். நாடகத்தின் பெயர் ‘வரிசை’. அதன் கீழே ‘ஒரு பரிசோதனை நாடகம்’ என்று போட்டேன். வலன்ரைன் சிரித்தான். அவன் துறைமுகத்தில் கிளாக், எங்கள் குழுவின் நல்ல நடிகன்.

“அக்கா, செற் போட வழியில்லாட்டி பரிசோதனை. வசனம் மறந்தாப் பரிசோதனை. ஆக்கள் வராட்டி பெரிய பரிசோதனை.”

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் உதவுகிறது. பொலிஸில் அறிவித்தல் கொடுக்கப் போனபோது அங்கிருந்த அதிகாரி தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என்ன நாடகம் என்று சிங்களத்தில் கேட்டார். “எக்ஸ்பெரிமென்டல்” என்றேன். விஞ்ஞானப் பாடமென்று நினைத்தாரோ என்னவோ, முத்திரையைக் குத்தித் தந்தார்.

13 பெப்ரவரி, சனி

இன்றைக்குத்தான் பிடிபட்டது. மேடை வேண்டாம். கதிரை வேண்டாம். நாடகம் மாடிப்படியிலேயே தொடங்கட்டும்.

ஏறி வருகிறவர்களை வலன்ரைன் மறிப்பான். சீருடை இல்லை. வெள்ளைச் சேட், கையில் ரோச் லைற். கதைப்பது சிங்களத்தில் மட்டும். “கோ, ஐசி எக்க?” எங்கே ஐசி என்று கேட்டு, அடையாள அட்டைகளை வாங்கி ஒரு பையில் போடுவான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் நிலத்தில். பிறகு அட்டையை எடுத்துப் பெயரைக் கூப்பிட்டு, எழுப்பி, கேள்வி. எங்கேயிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய். வெள்ளவத்தையில் ஒவ்வொரு லொட்ஜிலும் நடக்கிறதுதான். நடிகர் இரண்டே பேர், வலன்ரைனும் பெண்கள் பக்கத்துக்கு மர்லியாவும். மற்றதெல்லாம் பார்க்க வந்தவர்கள்.

மர்லியா சட்டம் படிக்கிற பிள்ளை. அவள்தான் கேட்டாள்: “வார ஆக்களுக்கு இது நாடகம்னு எப்ப விளங்கும் அக்கா?”

“முடியேக்கை,” என்றேன். “அதுதான் பரிசோதனை.”

எனக்கே மயிர் சிலிர்த்தது. பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும் வரைக்கும் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி ஒதுங்கி இருந்தா.

22 பெப்ரவரி, திங்கள்

நவம் அண்ணையைக் கூப்பிட்டுவிட்டேன்.

கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை அவர். விளம்பரத்துக்குத் தமிழ் வசனம் நான், படமும் எழுத்தும் அடுக்குவது அவர். முழுப்பெயர் நவரத்தினம். மூன்று வருடத்துக்கு முதல் வெள்ளவத்தையில் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய், ஒரு வருடமளவில் தடுப்பில் வைத்திருந்து, வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அவருடைய மனுசி பத்மா என் பத்து வருடச் சிநேகிதி. அந்த நாட்களில் கோட்டுத் தவணைகளுக்கு அவளோடு நான்தான் போய் வந்தேன். உள்ளே என்ன நடந்ததென்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. பத்மாவுக்கும்தான்.

“ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேணும், நவம் அண்ணை.”

“என்ன நாடகம்?”

“வந்து பாருங்கோவன்.”

“சிரிக்கலாமோ?”

“சிலவேளை,” என்றேன்.

ஏன் சொல்லவில்லை? முதலே சொன்னால் பரிசோதனை கெட்டுவிடும். அதோடு, இதை உண்மையாகத் தெரிந்த ஒருவர் பார்த்து என்ன சொல்வார் என்று அறிய எனக்கு ஆசை. அதில் பிழை இல்லையே?

28 பெப்ரவரி, ஞாயிறு

முடிந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

1 மார்ச், திங்கள்

நவம் வேலைக்கு வரவில்லை. தடிமனும் காய்ச்சலுமாம்.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நான் உள்ளே, சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்றேன். என் வேலை லைற் மட்டும். நான் எல்லா லைற்றையும் போட்டால் நாடகம் முடிந்தது என்று அர்த்தம். எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதை முதலில் எழுதி வைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும்.

தொடக்கத்தில் சிரிப்பு. படியில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். வலன்ரைனின் குரல் ஏற ஏறச் சிரிப்பு அடங்கியது. “நாடகம்தானே தம்பி,” என்றார் ஒருவர். வலன்ரைன் ரோச்சை அவர் முகத்துக்குத் திருப்பினான். அவர் நிலத்தில் இருந்துவிட்டார்.

நவம் பிந்தித்தான் வந்தார், தனியே. மகளுக்குக் காய்ச்சலென்று பத்மா நின்றுவிட்டாள். ரோச் வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் படியில் அப்படியே நின்றார். பிறகு அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். வலன்ரைனுக்கு அவரை முன்பின் தெரியாது. அவருடைய அட்டைதான் பையில் கடைசியாக விழுந்தது, அதனால் மேலே கிடந்தது, அதனால் முதலில் வந்தது. நான் சொல்லிவைக்கவில்லை. அதையாவது நான் செய்யவில்லை.

“நவரத்ன!”

எழும்பினார். ஒருவரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்தார். பெல்ற்றை உருவினார். கொக்கி உள்ளுக்குப் போக, உள்ளங்கைக்குள் இறுக்கிச் சுருட்டி, ஒரு சின்ன உருண்டையாக்கி வலன்ரைனிடம் நீட்டினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி முழங்காலில் இருந்தார். காற்சட்டை நழுவாமல் ஒரு கை இடுப்பில். மற்றக் கை தலைக்குப் பின்னால். முதுகு நடுங்கியது. சேட்டுக்கு வெளியாலேயே தெரிந்தது.

ஒத்திகையில் இப்படி ஒன்றும் இல்லை. வலன்ரைன் கொஞ்சம் தடுமாறினான். பிறகு பெல்ற்றை வாங்கிக்கொண்டு கேள்வியைத் தொடங்கினான். நவம் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னார். “ஒவ் சேர். நே சேர். ஒவ் சேர்.” ஓம், இல்லை, ஓம் — கேள்வி முடிய முன்னமே.

நான் லைற்றைப் போட்டிருக்கலாம். என்ரை கை சுவிச்சிலைதான் இருந்தது.

போடேல்லை. ஏனெண்டு எழுத வேணும். எழுதாட்டி இந்தக் கொப்பி என்னத்துக்கு? போடாததுக்குக் காரணம், அது நல்லா இருந்தது. அவ்வளவுதான். மண்டபத்திலை ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. இதுதான், இதைத்தான் நீ இவ்வளவு காலமும் தேடினனி எண்டு எனக்குள்ளை ஏதோ ஒண்டு துள்ளினது. நவம் அண்ணையின்ரை முதுகைப் பாத்துக்கொண்டு நான் அப்பிடி நினைச்சனான்.

கடைசியில் லைற்றைப் போட்டேன். கைதட்டல் ஓயவில்லை. இரண்டு மூன்று பேர் போய் அவருடைய தோளில் தட்டி, “அருமையாச் செய்தீங்கள்,” என்றார்கள். அவர் எழும்பி, பெல்ற்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சிரிச்சவர்.

3 மார்ச், புதன்

வந்துவிட்டார். “இப்ப சுகமோ?” என்றேன். “ஓம், ஓம்.” சவர்க்கார விளம்பரத்தில் என் வசனம் ஒரு சொல் கூடிப்போச்சு, படத்துக்கு மேலே ஏறுது என்றார். வெட்டிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். மத்தியானம் கன்ரீனில் அவருக்கு ஒரு பற்றிஸ் வாங்கிக் கொடுத்தேன்.

மன்னிப்புக்குப் பதிலா ஒரு பற்றிஸ்.

5 மார்ச், வெள்ளி

தபசு கால வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளில் இருந்தேன். என்ன பாவமென்று சொல்வது? பொய் சொன்னாயா என்றார் சுவாமி. பெரிதாக இல்லை. களவு?

“ஓம் போலை, சுவாமி.”

எடுத்ததைத் திருப்பிக் கொடு என்றார். எப்படித் திருப்பிக் கொடுப்பது, அதைச் சொல்லவில்லை. நானும் என்ன எடுத்தேன் என்று சொல்லவில்லையே.

வரும் வழியில் ‘பரிசோதனை’ என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எடுப்பதும் சோதனை. றோட்டில் மறித்துச் செய்வதும் சோதனை. எங்களை விழவிடாதேயும் என்று செபத்தில் மன்றாடுவதும் அதே சோதனைதான். முன்னால் ‘பரி’ என்று இரண்டெழுத்தைப் போட்டதும் அது கலையாகிவிடுமா?

7 மார்ச், ஞாயிறு

வாரப் பத்திரிகையில் எங்கள் நாடகத்துக்கு அரைப் பக்க விமர்சனம். கொழும்பில் பரிசோதனை நாடகம் என்ற சொல்லுக்கு இப்போதுதான் பொருள் கிடைத்திருக்கிறதாம். மேடையும் திரையும் இல்லாததால் அல்லவாம், பார்க்க வந்தவனுக்குப் பாதுகாப்பான இடம் இல்லாமற் செய்ததால்தானாம்.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். சந்தோஷமாகத்தான் வாசித்தேன்.

நாலாவது பந்தி: “பார்வையாளருக்குள் இருத்திவைக்கப்பட்ட அந்தப் பெயர் தெரியாத நடிகர் பெல்ற்றைக் கழற்றிச் சுருட்டிக் கொடுத்த விதமும், அந்த முதுகின் நடுக்கமும் நீண்ட பயிற்சியில்லாமல் வராதவை.”

பயிற்சி.

மத்தியானம் வரை ரெலிபோன். எல்லாருக்கும் ஒரே கேள்வி: அந்த மனுசன் ஆர், எங்கே பிடிச்சனீங்கள்?

“அவர் புதுசு,” எண்டு சொன்னனான். முதல் ஆளுக்கு வாய் தவறி. மற்ற ஆக்களுக்கு வாய் தவறேல்லை.

8 மார்ச், திங்கள்

பத்திரிகையை மடித்துக்கொண்டு நவம் என் மேசைக்கு வந்தார். எழும்பி நின்றேன்.

“நவம் அண்ணை, நான் அவங்களுக்கு எழுதிறன். பிழையா விளங்கியிட்டியள், அவர் நடிகர் இல்லை எண்டு...”

“எழுதவேண்டாம்.” குரல் தாழ்வாக இருந்தது. “நடிகர் எண்டே இருக்கட்டும். அண்டைக்கு அங்கை எங்கடை றோட்டு ஆக்கள் நாலைஞ்சு பேர் இருந்தவை. நேற்றுக் கடையிலை ஒராள் கையைப் பிடிச்சுக் குலுக்கினவர், நீர் நடிப்பீர் எண்டு தெரியாமல் போச்சே எண்டு. அது பரவாயில்லை. மற்றது தெரிஞ்சா, பேந்து நான் அந்தக் கடைக்குப் போகேலாது.”

“பத்மாவுக்கு?”

“தெரியாது. தெரியவும் வேண்டாம்.”

தன் மேசைக்குப் போனார். பிறகு திரும்பிப் பார்த்து, “எனக்கே தெரியாது டோரின், கை அப்பிடிப் போகுமெண்டு,” என்றார்.

ஆக, அந்தப் பொய்யால் எனக்குப் புகழ். அவருக்கு மறைப்பு. உண்மையைச் சொன்னால் அவர் அம்மணமாக நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் நான் மாலையோடு நிற்பேன். வேறு வழி இருக்கிறதா?

13 மார்ச், சனி

ஹெவ்லொக் டவுனில் கூட்டம். ‘வரிசை’யை நாடக விழாவுக்குக் கேட்கிறார்கள். மூன்று நாள் பின்னேரம், பெரிய மண்டபம், சிங்கள ஆட்களும் வெளிநாட்டு ஆட்களும் வருவார்கள். ஏற்பாடு செய்பவர் ஸாலிஹ். மிக மரியாதையான மனிதர்.

பத்திரிகைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், “பரிசோதனை நாடகம் என்றால் என்ன, மெடம்?”

“முடிவு என்னவெண்டு தெரியாமல் தொடங்கிறது,” என்றேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நல்ல வசனம். விளம்பரத்தில் பழகிய வாய்.

வாசலில் ஸாலிஹ் பின்னாலே வந்தார். “மிஸ், அந்த பெல்ட் ஆள் கட்டாயம் இருக்கணும். அவருக்காகத்தான் கமிட்டி ஓம் சொன்னது.”

“அவர் வரமாட்டார்.”

“அப்ப வேற ஒராளைப் பழக்குங்க. உங்களுக்கு அது பெரிய வேலையா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

20 மார்ச், சனி

வத்தளையிலிருந்து ஹியூபேட் என்றொருவன். ஆசையோடு வந்திருக்கிறான். நாடகத்தில் அவன் ஆட்களோடு ஆளாக நிலத்தில் இருந்து, பெயர் கூப்பிட எழும்பி அதைச் செய்ய வேண்டும்.

அவனுக்கு வரவில்லை. பெல்ற்றைப் படம் காட்டுகிற மாதிரி உருவினான். நடுக்கம் தோளில் இருந்தது, குளிரில் நடுங்குகிற மாதிரி. “அப்பிடி இல்லை,” என்றேன். மறுபடியும் செய்தான். “அப்பிடி இல்லை.” மூன்றாம் தரம் நானே அவனுடைய பெல்ற்றை வாங்கினேன்.

செருப்பைக் கழற்றி வைத்தேன். சோடியாக. கொக்கியை உள்ளே மடித்து, பெருவிரலால் அமத்திச் சுருட்டினேன். நீட்டும்போது ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பது. திரும்பினேன். முழங்காலில் இருந்தேன். நடுக்கம் தோளில் இல்லை, விலாவுக்குக் கீழே, மூச்சை அடக்கப் பார்க்கிறதால் வருவது. அப்படியே செய்தேன். “ஒவ் சேர்,” என்றேன். “நே சேர்.”

ஒன்றும் விடவில்லை. எல்லாம் என்னிடம் இருந்தது. அன்றைக்கு நான் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறேன்!

எழும்பியபோது ஹியூபேட் கைதட்டினான். மர்லியா தட்டவில்லை. வலன்ரைன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் சந்தோஷம். புறக்கோட்டையில் இறங்கி, காணோரத்தில் குனிந்து நின்று, தின்றதெல்லாம் சத்தி எடுத்தேன்.

21 மார்ச், ஞாயிறு

பத்மா வந்தாள். அம்மா “வாங்கோ பிள்ளை” என்று கதிரையை இழுத்துப் போட்டா. இருக்கவில்லை. கையில் அந்தப் பத்திரிகை. அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் கொடுத்தாளாம், உன்ரை சிநேகிதியைப் பற்றி வந்திருக்கு வாசி என்று.

“இந்த ஆள் ஆர், டோரின்?”

அம்மா உள்ளே போய்விட்டா.

“வேலையாலை வந்தா ஒவ்வொரு நாளும் பெல்ற்றை இப்பிடித்தான் சுருட்டி வைக்கிறவர். கொக்கி உள்ளுக்கு. அலுமாரியிலை கொழுவுங்கோ எண்டு எத்தினை தரம் சண்டை பிடிச்சிருப்பன். ஏன் அப்பிடிச் செய்யிறார் எண்டு இப்ப பேப்பரிலை வாசிச்சு அறியிறன்.”

“பத்மா...”

“வீட்டிலை கேட்டன். அழுதவர். அண்டைக்கு நடந்தது எல்லாம் சொன்னவர், சிரிக்கலாமோ எண்டு உன்னைக் கேட்டது வரைக்கும்.” பத்திரிகையை மேசையில் வைத்தாள். “நீ எங்கை நிண்டனி?”

“லைற்றுக்குப் பக்கத்திலை.”

“பாத்துக்கொண்டோ நிண்டனி?”

“ஓம்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வகுப்பில் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பரிசோதனை எண்டா முதல்லை என்னத்திலை செய்யிறம் எண்டு கொப்பியிலை எழுத வேணும். தவளையெண்டாத் தவளை, இலையெண்டா இலை. நீ நோட்டீசிலை எழுதேல்லையே. ஆரிலை பரிசோதனை, டோரின்?”

“மன்னிச்சுக்கொள்ளு.”

“கோட்டு வாசலிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதும் நீதானே? நான் அழுதழுது விழேக்கை. அப்பவும் பாத்துக்கொண்டோ நிண்டனி?”

போய்விட்டாள். வெயிலுக்குள் குடையும் விரிக்காமல் போனாள்.

அந்தக் கேள்வி இன்னும் இங்கைதான் நிக்குது. இப்ப யோசிச்சுப் பாக்கிறன். அவளுக்காகத்தான் போனனான். உண்மையாத்தான் அழுதனான். ஆனா —

ஓம். கொஞ்சம் பாத்தனான்.

22 மார்ச், திங்கள்

வேலைக்குப் போகவில்லை. தடிமனென்று சொல்லச் சொன்னேன்.

23 மார்ச், செவ்வாய்

விழாவுக்கு ‘வரிசை’ இல்லை, நிறுத்திவிடுகிறேன் என்று நவத்திடம் சொன்னேன். நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன்.

“என்னாலையோ?”

“என்னாலை.”

“ஆக்கள் காரணம் கேப்பினம். சரியா அந்த நடிகர் வராமல் விட நாடகமும் நிண்டா, ஆரும் கூட்டிப் பாப்பினம்.”

இதை நான் யோசிக்கவில்லை. எனக்குப் பாரம் இறங்கினால் போதுமென்று மறுபடியும் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

“வேறை காரணம் சொல்லுறன்,” என்றேன். “உங்கடை பக்கம் வராத காரணம்.”

அவர் கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார். “பத்மா கோவமா இருக்கிறா. எனக்கு உம்மிலை கோவமோ எண்டு கேட்டா, இல்லாத நேரமும் இருக்கு. இருக்கிற நேரமும் இருக்கு,” என்றார்.

24 மார்ச், புதன்

மண்டபத்தில் வலன்ரைனோடும் மர்லியாவோடும். ஹியூபேட்டை வரச் சொல்லவில்லை.

நிறுத்துகிறேன் என்றதும் வலன்ரைனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன் அக்கா? ஹாபரிலை கேற்றாலை போகேக்கையும் வரேக்கையும் என்னைத் தடவிப் பாக்கிறாங்கள். ஒரு நாளாவது நான் அதை வெளியிலை சொல்லியிருப்பனோ? இந்த நாடகத்திலைதான் சொன்னனான். முடிஞ்சு போகேக்கை ஒரு வயது போன மனுசன் என்ரை கையைப் பிடிச்சு, தம்பி இது என்ரை கதை எண்டு அழுதவர். அதை நிப்பாட்டினா ஆர் சொல்லுறது?”

அவன் சொல்வதும் சரி. அதுதான் கஷ்டம். நாடகம் சொன்னது பொய் இல்லை. சொன்ன விதத்தில் ஒரு மனிதனை மிதித்துக்கொண்டு நின்றோம்.

“அவர் நடிகர் இல்லை, வலன்ரைன்.”

“தெரியும்,” என்றான்.

அவனைப் பார்த்தேன்.

“அவர் தந்த பெல்ற் நனைஞ்சிருந்தது. வேர்வை. நடிக்கிறவனுக்கு அவ்வளவு கெதியா அப்பிடி வேர்க்காது.” நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “தெரிஞ்சுகொண்டுதான் கேள்வி கேட்டனான். அந்தாள் பயப்பிடப் பயப்பிட எனக்குக் குரல் வந்தது அக்கா. சந்தோஷமாவும் இருந்தது. அண்டையிலை இருந்து வீட்டிலை மகனை ஏசக்கூடப் பயமா இருக்கு.”

மர்லியா அழுதாள். அவளுக்கும் தெரியுமாம். மூன்று பேரும் தெரிந்துகொண்டே நின்றிருக்கிறோம். ஆளை ஆள் பார்த்து, மற்றவர் நிறுத்துவார் என்று.

ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவு. ஸாலிஹுக்கு ரெலிபோன் எடுத்தேன். “எனக்குப் பயமா இருக்கு. அப்படிப்பட்ட நாடகம் போட்டாப் பிரச்சினை வரும் எண்டு சொல்லுகினம். என்னை விட்டிடுங்கோ.”

“மிஸ், நீங்க பயப்படுற ஆள்னு நான் நினைக்கல்ல,” என்றார்.

4 ஏப்ரல், ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. பத்மா வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் கேக் கொண்டுபோகிறனான். போகவில்லை.

11 ஏப்ரல், ஞாயிறு

அதே பத்திரிகை, அதே விமர்சகர். “பரிசோதனை என்பது துணிந்தவர்களின் சொல். அதிகாரத்தின் நிழல் விழுந்ததும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறவர்கள் அந்தச் சொல்லைப் பாவிக்காமல் இருப்பது நல்லது.” பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தா. “நீ பயந்தாங்கொள்ளி இல்லையே. ஏன் இப்பிடி எழுதியிருக்கிறான்? பதில் எழுதன்.”

“இல்லை அம்மா. பயந்தனான்தான்.”

விளக்கை அணைத்துவிட்டு ஓடியவளாம். போட வேண்டிய நேரத்தில் லைற்றைப் போடாதவள் என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

16 மே, ஞாயிறு

வலன்ரைனும் மர்லியாவும் புது நாடகம் ஒன்று தொடங்குகிறார்கள். கூப்பிட்டார்கள். வலன்ரைன் சொன்னான், இந்த முறை படியடியிலேயே ஒரு பலகை வைத்து, உள்ளே என்ன நடக்குமென்று முழுக்க எழுதிவிடுவதாம், விரும்பினவர் மட்டும் ஏறி வரட்டுமாம்.

“அப்ப பரிசோதனை எங்கை?” என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. லைற் பிடிக்க நான் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். வாசலில் நின்று ரிக்கற் கிழிக்கிறேன் என்றேன்.

6 ஜூன், ஞாயிறு

காலையில் நவம் ரெலிபோன் எடுத்தார். “பின்னேரம் வாருமன். பத்மாவுக்கும் சொல்லிப்போட்டன்.”

வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸ். பத்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். நவம் செருப்பைப் போட்டுக்கொண்டு, “கடற்கரைக்கு நடப்பம்,” என்றார். நாலு பேருமாகப் போனோம். மகள் தண்டவாளத்தில் ஏறிக் கையை விரித்துக்கொண்டு நடந்தாள். பத்மா அவளுடைய சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கல்லில் இருந்தோம். காற்று அதிகம். பிறகு நவம் கதைக்கத் தொடங்கினார். கடலைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார். தடுப்பில் முதல் நாளிலிருந்து தொடங்கினார். பத்மாவுக்கும் அதுதான் முதல் தரம். மகளைத் தூரத்தில் சிப்பி பொறுக்க விட்டுவிட்டு வந்து, அவருக்கு மற்றப் பக்கத்தில் இருந்தாள். பின்னால் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று போனது. அது போய் முடியும் வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கைகளைப் பார்க்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. நானும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் கேட்பது எனக்குப் பழக்கமில்லை, கஷ்டமாக இருந்தது.

பொழுது பட முதல் சொல்லி முடித்துவிட்டார். “அவ்வளவுதான்,” என்றார்.

அவர் சொன்னதில் ஒன்றையும் நான் இங்கே எழுதவில்லை. நாளைக்கும் எழுதமாட்டேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பத்மா தேத்தண்ணி ஊற்றினாள். எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தாள். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, “சீனி எவ்வளவு?” என்று கேட்டாள். பத்து வருடமாக என் தேத்தண்ணியைக் கலக்கித் தந்தவள், முதல் தரம் வீட்டுக்கு வந்த ஆளைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“ஒரு கரண்டி,” என்றேன்.